ஆர்வமின்மைச் சான்று

பூட்டுக்காரருக்கு அன்று மதியம் ஒன்றேகாலுக்கு வந்த போன் வழக்கமான போன்தான். கதவு மாட்டிக்கொண்டது, உடனே வரவேண்டும். பேசியது சொந்த மகள் என்பது மட்டும்தான் புதிது.

"கைப்பிடி கையோட வந்துடுச்சுப்பா. உள்ள இருந்து திறக்க முடியல. நாலு மணிக்கு எனக்கு வாய்மொழித் தேர்வு."

மகள் பல்கலைக்கழகத்தில் ஏழு வருடமாக ஆராய்ச்சி செய்து வந்தாள். ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஏழாவது வருடம் அன்றைக்கு மாலை நான்கு மணியோடு முடிந்தது. நான்கு மணிக்குத் தேர்வாளர்கள் முன்னால் நின்றால் டாக்டர் பட்டம். நான்கு மணி ஒரு நிமிடத்துக்கு நின்றால், புதிய தலைப்பு, புதிய பதிவு, இன்னும் ஏழு வருடம். பைண்டு செய்த ஆய்வேட்டை எடுத்துவர மூன்றாவது மாடி அறைக்குள் போனவளைக் காற்று கதவைச் சாத்தி உள்ளே வைத்துவிட்டது.

அவள் ஆராய்ந்தது எறும்பை. சம அளவுள்ள இரண்டு சர்க்கரைத் துகள்களுக்கு நடுவே ஓர் எறும்பை விட்டால் அது எவ்வளவு நேரம் தயங்கும் என்பது தலைப்பு. ஐந்தாவது வருடத்தில் ஒருநாள், சாப்பிடும்போது, அப்பா மெல்ல விசாரித்தார், என்ன தெரிய வந்தது என்று. எறும்பு தயங்குவதே இல்லை என்றாள் மகள். இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் தாம் பத்தாவதைத் தாண்டாதவர் என்பதையும் நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். படித்த பெண் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும்.

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் மூன்றாவது மாடிக்கு ஏறியபோது மணி ஒன்றே முக்கால். பூட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இரண்டு நிமிட வேலை. கதவுக்கு இந்தப் பக்கம் குனிந்து, "பயப்படாத கண்ணு, அப்பா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, வளைந்த கம்பியை எடுத்துத் துவாரத்துக்குள் விடப்போனார்.

பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். மார்போடு ஒரு கோப்பினை அணைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெரிய மனிதர் பதிவாளர். கோபமாகத் தெரியவில்லை. ஒரு தகவல் வேண்டும் என்பது போலத்தான் கேட்டார், இது பிரச்சினையா, நிகழ்வா என்று. கதவு சார், என்றார் பூட்டுக்காரர்.

பதிவாளர் பொறுமையாக விளக்கினார். சில வருடங்களுக்கு முன்னால் வளாகத்தில் ஒரு மரம் விழுந்ததாம். விவரம் தெரியாத தோட்டக்காரர் அதை அன்றைக்கே வெட்டி அப்புறப்படுத்திவிட்டார். தாவரவியல் துறை துக்கம் அனுஷ்டித்தது. இயற்பியல் துறை, விழுந்த கோணம் போயிற்றே என்றது. அங்கே மரம் நின்றதற்கே இனி ஆதாரம் இல்லை என்று வரலாற்றுத் துறை கையை விரித்தது. அன்றிலிருந்து ஒரு சுற்றறிக்கை அமலில் இருக்கிறது. வளாகத்தில் எது நடந்தாலும் அது முதலில் ஆய்வுப்பொருள், அப்புறம்தான் பிரச்சினை. இருபத்தேழு துறைகளும் தங்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று தனித்தனியாகச் சான்று கொடுத்த பிறகுதான் அதைச் சரிசெய்யக் கை வைக்கலாம். கொடுக்காமல் வைத்தால், ஆய்வுப்பொருளைக் கலைத்த குற்றம். சம்பந்தப்பட்ட மாணவியின் பதிவு ரத்து.

சொல்லிக்கொண்டே அவர் சாவித் துவாரத்தின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி முத்திரை குத்தினார். கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவிப் பூட்டுக்காரர் கையில் கொடுத்தார். 'ஆர்வமின்மைச் சான்று' என்று தலைப்பு. கீழே இருபத்தேழு கட்டங்கள்.

"இதுவரைக்கும் யாராவது எல்லாக் கட்டமும் வாங்கியிருக்காங்களா சார்?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"ஒரு கட்டம்கூட இல்ல. அதுதான் நமக்குப் பெருமை. இங்க எந்தப் பிரச்சினையும் தீர்ந்ததா ஒரு பதிவு கிடையாது. தீர்ந்திருந்தா இருபத்தேழு துறை எப்படி நடக்கும்?"

பூட்டுக்காரர் கதவிடம் போய், ஒரு சின்னக் கையெழுத்து வேலை இருக்கிறது, இதோ வந்துவிடுகிறேன் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

கீழ்த்தளத்தில் முதலில் இருந்தது மண்ணியல் துறை. தலைவர் நல்ல மனிதர். படிவத்தைப் பார்த்ததும், மூன்றாவது மாடிக் கதவில் மண்ணைப் பார்க்கிற எங்களுக்கு என்னய்யா ஆர்வம், துளிகூட இல்லை என்றார். பூட்டுக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பேனாவை நீட்டினார்.

"எழுதித் தர மாட்டேன்" என்றார் தலைவர். "ஆர்வமில்லன்னு எழுதிட்டா, அடுத்த வருஷம் இந்தத் துறை எதுக்குன்னு கேப்பாங்க. நான் இந்த நாற்காலியிலேயே இருந்து ஓய்வு பெறணும்னு நினைக்கறவன். வாங்க, கதவு எங்க இருக்குன்னு காட்டுங்க."

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அவர் கூடவே கிளம்பிவிட்டார். அடுத்த அறையில் இயற்பியல் துறை. மண்ணியல் வருகிறதா என்று ஒரே கேள்விதான் கேட்டார்கள், மேசையைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வேதியியலுக்கு இயற்பியலைப் பிடிக்காது, ஆகவே அதுவும் வந்தது. புவியியல் வந்தது. இசைத் துறை வந்தது. கையெழுத்து கேட்டுப் போன இடமெல்லாம் ஆர்வம் பற்றிக்கொண்டது. அரை மணி நேரத்தில் பூட்டுக்காரர் ஒரு கட்டம்கூட நிரம்பாத படிவத்தோடும் இருபத்தேழு துறைத் தலைவர்களோடும் மூன்றாவது மாடிக்குத் திரும்பினார். மனிதருக்கு மூச்சு இரைத்தது.

அப்பா, யார் இவ்வளவு பேர் என்று மகள் உள்ளிருந்து கேட்டாள். எல்லாரும் உனக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்றார். பொய் இல்லை, உண்மையும் இல்லை.

அதன் பிறகு அந்த நடைக்கூடத்தில் நடந்ததை எழுதினால் நம்ப மாட்டார்கள், இருந்தாலும் எழுதுகிறேன். இயற்பியல் தலைவர் கரும்பலகையை வரவழைத்து, கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று நான்கு வரியில் நிரூபித்தார். உராய்வு என்ற ஒன்றே இல்லாத பூட்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வரலாற்றுத் தலைவர் ஆவணங்களைப் புரட்டிவிட்டு, இந்தக் கதவு என்றைக்காவது திறந்திருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை என்றார். உள்ளே இருக்கும் பெண் அப்படிச் சொல்கிறாள், ஆனால் அவள் பாதிக்கப்பட்டவள், அவளுடைய கூற்று சார்புடையது. இலக்கியத் தலைவர் கண்ணை மூடிக் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, இது கதவே இல்லை என்றார். பூட்டுக்காரருக்கு ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது. கதவே இல்லை என்றால் திறக்கவும் வேண்டாமே. ஆனால் அது ஒரு குறியீடு என்று இலக்கியத் தலைவர் முடித்துவிட்டார்.

மொழியியல் தலைவர் ஒலிப்பதிவுக் கருவியைக் கதவிடுக்கில் பிடித்திருந்தார். "பசிக்குதுப்பா" என்று மகள் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை, உணர்ச்சி கலக்காமல், இயல்பாகச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொல்லவைத்தார். மூன்றாவதுதான் சரியான பசி என்று குறித்துக்கொண்டார். உளவியல் துறையோ பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, இப்போது எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்றது. ஒன்று, ஒன்று, ஒன்று என்றாள் மகள். ஒன்று என்றால் மிக வருத்தமா, மிக மகிழ்ச்சியா என்று படிவத்தில் போட மறந்திருந்தார்கள். கூடிப் பேசி மகிழ்ச்சி என்று வைத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வு பின்னாளில் ஏதோ பரிசுகூட வாங்கியதாகக் கேள்வி.

மெய்யியல் தலைவர் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அறையை வெளியே என்று வைத்துக்கொண்டால், உள்ளே அடைபட்டிருப்பது நாமல்லவா என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் மூச்சு முட்டியது. இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்து ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தண்ணீர் தெளித்தார்கள்.

மணி இரண்டு ஐம்பது. பூட்டுக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். என் பொண்ணோட ஏழு வருஷம் சார் என்றார். ஏழு என்பது முக்கியமான எண்ணா என்று கணிதத் துறை அக்கறையாக விசாரித்தது.

இதற்குள் மகளின் நெறியாளரும் வந்து சேர்ந்தார். ஏழு வருடமாக அவளுக்கு வழிகாட்டியவர். அவர் வந்ததைப் பார்த்துப் பூட்டுக்காரருக்குத் தெம்பு வந்தது. நெறியாளர் கதவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், உள்ளே யார் என்று கேட்டார். எறும்பு ஆராய்ச்சிப் பெண் என்று யாரோ சொன்னார்கள். ஓ, எறும்பா, என்று அவர் சந்தோஷப்பட்டார். அவளை இன்னும் ஒரு தடவை சந்தித்துத் தலைப்பைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்திருந்தாராம்.

புள்ளியியல் தலைவர் குறுக்கிட்டுத்தான் காரியத்தைக் கெடுத்தார், அல்லது கடைசியில் பார்த்தால் காப்பாற்றினார். மெலிந்த மனிதர், குரலும் மெலிந்தது. அந்தக் குரலில், இங்கே நடக்கும் ஆய்வு எதுவும் செல்லாது என்றார். எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரே ஒருத்தர் அடைபட்டிருக்கார். ஒருத்தரை வெச்சு என்ன முடிவுக்கு வரமுடியும்? குறைஞ்சது முப்பது பேராவது அடைபட்டிருக்கணும்."

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. பதிவாளர் அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டினார், அடைபட விரும்புவோர் தேவை என்று. ஒப்பிட்டுப் பார்க்க, திறந்த அறையில் சும்மா உட்காரவும் ஆட்கள் தேவை என்று இன்னொன்று. சும்மா உட்கார நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், பெரும்பாலும் அலுவலகப் பிரிவிலிருந்து. அடைபட ஒருவரும் வரவில்லை.

மூன்றேகாலுக்குக் கருத்தரங்கக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. அதே மாடியில் நடைக்கூடத்தின் மறுகோடியில் இருந்தது கூடம். துறைத் தலைவர்கள் இருபத்தேழு பேர், பதிவாளர், நெறியாளர். இவர்களோடு, தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளரும் வேறு எங்கே உட்காருவது என்று தெரியாமல் அங்கேயே வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஐந்து மணிக்கு ரயில். பூட்டுக்காரரை அனுபவசாலி என்ற முறையில் பேச அழைத்தார்கள்.

அவர் எழுந்து நின்று, இந்தப் பூட்டை இரண்டு நிமிடத்தில் திறந்துவிடலாம் என்றார். மேற்கோள் கேட்டார்கள். அவருக்குப் புரியவில்லை. இதை உங்களுக்கு முன்னால் யார் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினார்கள்.

"யாரும் சொல்லல சார். முப்பது வருஷமா திறந்துட்டிருக்கேன்."

அது வெறும் அனுபவம் என்று கூடம் வருத்தத்தோடு தலையசைத்தது. உட்காரச் சொன்னார்கள்.

பிறகு தீர்மானம் வந்தது. முப்பது பேர் முறையாக அடைபட்டதும், முதலில் அடைபட்ட மாணவி வெறும் முன்னோட்ட ஆய்வாகக் கருதப்பட்டு, சான்று எதுவும் இல்லாமலே விடுவிக்கப்படுவார். ஏகமனதாக நிறைவேறியது. பதிவாளர் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, பூட்டுக்காரர் கையில் ஒரு பிரதி கொடுத்தார். முப்பது பேர் சேர எவ்வளவு நாளாகும் சார் என்று கேட்டார் பூட்டுக்காரர். நல்ல திட்டமாகப் போட்டால் மூன்று வருடத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்றார் புள்ளியியல் தலைவர்.

மணி மூன்று நாற்பது. அடுத்து, இதைப் பற்றி எழுதப்போகும் ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்ற விவாதம் தொடங்கியது. அதுவரை இருந்த அமைதி எங்கே போனதென்று தெரியவில்லை. மண்ணியல் தலைவர் சுத்தியலால் மேசையைத் தட்டினார். இசைத் துறை உச்ச ஸ்தாயியில் பேசியது.

பூட்டுக்காரர் தீர்மானத்தை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கூடத்தில் இருந்த தலைகளை எண்ணினார். இருபத்தேழு துறை. பதிவாளரோடு இருபத்தெட்டு. நெறியாளர் இருபத்தொன்பது. வெளித்தேர்வாளர். சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினார். முப்பதுதான்.

முப்பது வருடத்தில் அவர் எத்தனையோ கதவு திறந்திருக்கிறார். குளியலறையில் மாட்டிக்கொண்ட குழந்தை, காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிய டாக்டர், சண்டை போட்டு உள்ளே தாழிட்டுக்கொண்ட புதுப்பெண். ஒரு மனிதரைக்கூட உள்ளே வைத்துப் பூட்டியதில்லை. தொழிலுக்குச் செய்கிற துரோகம் என்று மனசு உறுத்தியது. பையை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். யாரும் கவனிக்கவில்லை. கதவை மெல்லச் சாத்தி, பூட்டின் நாக்கு திரும்பாதபடி ஒரு சின்ன ஆணியைச் செருகினார். பிறகு நடைக்கூடத்தில் அவர் ஓடிய ஓட்டத்தை அந்த வயதில் யாரும் எதிர்பார்க்க முடியாது.

முத்திரையைக் கிழித்தார். கம்பியை விட்டார். இரண்டு நிமிடம் என்று சொன்னது தப்பு, ஒரு நிமிடம் நாற்பது நொடிதான் ஆனது. கதவு திறந்தது. மகள் ஆய்வேட்டின் மூன்று தடித்த பிரதிகளை அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து வழிய நின்றாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. நேரமில்லாததால் அழவில்லை.

"தேர்வாளர் எங்கப்பா?"

அவர் நடைக்கூடத்தின் மறுகோடியைக் கையால் காட்டினார். போகும்போதே விஷயத்தைச் சொன்னார். மகள் சட்டென்று நின்றாள், அவரை ஒரு மாதிரி பார்த்தாள், பிறகு மறுபடி நடந்தாள். மணி மூன்று நாற்பத்தெட்டு. திறந்துவிட்டால் முப்பது பேரும் வெளியே வந்து, ஏன் திறந்தது என்று இன்னொரு கூட்டம் போடுவார்கள். நான்கு மணி அங்கேயே கழிந்துவிடும். திறக்க வேண்டாம் என்றாள் மகள். கதவைத் தட்டினாள்.

உள்ளே கதவு பூட்டியிருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். கொஞ்சம் பதற்றம் இருந்தது. பிறகு புள்ளியியல் தலைவரின் மெலிந்த குரல் கேட்டது, எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது.

"சார், நான்தான் எறும்பு வந்திருக்கேன். வாய்மொழித் தேர்வுக்கு" என்றாள் மகள், சாவித் துவாரத்தில் வாயை வைத்து.

மாணவி தேர்வாளர் முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி, நடுவில் கதவு இல்லாமல் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை என்றார் பதிவாளர். ஆய்வேடு மேசைமேல் வைக்கப்பட வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் கதவுக்கடியில் நுழையாது. முகப்புப் பக்கம் மட்டும் போதும், மற்றதை யாரும் புரட்டப் போவதில்லை என்று நெறியாளர் உள்ளிருந்து யோசனை சொன்னார். மகள் கிழித்துத் தள்ளினாள்.

வெளித்தேர்வாளருக்கு ரயில் ஞாபகம். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எறும்பு தயங்கறதில்லன்னு நீங்க முதல் பக்கத்துலயே சொல்லிட்டதா உங்க நெறியாளர் சொல்றார். அப்புறம் எதுக்கு மிச்சப் பக்கம்?"

"முதல் பக்கத்தை மட்டும் குடுத்தா வாங்க மாட்டேன்னாங்க சார்."

உள்ளே, நேர்மையான பதில், குறித்துக்கொள்ளுங்கள் என்று யாரோ முனகினார்கள். இன்னும் ஒரு கேள்வி கேட்டார் வெளித்தேர்வாளர். இதில் மேற்கொண்டு ஆராய ஏதாவது மிச்சமிருக்கிறதா?

"நிறைய இருக்கு சார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னுதான் சொல்லணும்."

முப்பது பேரும் கை தட்டினார்கள். மூன்று ஐம்பத்தேழுக்குக் கதவுக்கடியிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை. மகள் டாக்டர் ஆகிவிட்டாள்.

இப்போது அழ நேரமிருந்தது. பூட்டுக்காரர் எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்த இடமெல்லாம் கறுப்பாகி, சிரித்தார். மகளின் தலையைத் தடவினார். தன் குடும்பத்தில் முதல் டாக்டர். வீட்டுக்குப் போய் அவளுடைய அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடியே, ஆணியை எடுக்கக் கதவுப் பக்கம் குனிந்தார். உள்ளே இருப்பவர்கள் எப்பேர்ப்பட்டவர்களாக இருந்தாலும் மனிதர்கள்தானே.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்கப்பா."

அவள் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே முதல் பெயர் யாருடையது என்ற விவாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருந்தது.

"முப்பது பேர். பூட்டி இருபது நிமிஷம் ஆச்சு. ஒருத்தர்கூட வெளிய வரணும்னு கேக்கல, பாத்தீங்களா?"

"கேக்கறதுக்கு முன்னாடி நாமளே திறந்து விட்டுடலாம் கண்ணு. பாவம்."

"திறந்துட்டா எப்பக் கேப்பாங்கன்னு தெரியாமப் போயிடுமே."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து மடியில் விரித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாள். கண் இரண்டும் மின்னின. ஏழு வருடத்தில் எறும்பைப் பற்றிப் பேசும்போது ஒரு நாளும் அவள் முகத்தில் இப்படி ஒரு பிரகாசத்தைப் பூட்டுக்காரர் பார்த்ததில்லை. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மெல்ல, கருவிப் பையைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. மனைவி. பெண் வெளியே வந்துவிட்டாளா, இல்லையா என்று ஒரே கேள்வி. பூட்டுக்காரர் மகளைப் பார்த்தார். அவள் நோட்டின் முதல் பக்கத்தில் தலைப்பு எழுதி, அதற்குக் கீழே அளவுகோல் வைத்து இரண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"கதவைத் திறந்துட்டேன்" என்றார். "அவ வர்றதுக்குத்தான் கொஞ்ச வருஷம் ஆகும் போலிருக்கு."